தங்கமாரி தள்ளிய ஊசி

ஒரகடத்து உதிரிபாக ஆலையில் காலை டீ நேரம். சூப்பர்வைசர் நாகப்பன் கையில் டம்ளரோடு அப்படியே சரிந்தார். அவரைக் கம்பெனி வேனில் திணித்துக்கொண்டிருந்தபோது 108 வண்டி உள்ளே நுழைந்தது.

"இத்த யாரு கூப்ட்டது? ரெக்கார்டு ஆச்சுன்னா இன்ஸ்பெக்‌ஷன் வரும். யாரு வுழுந்தாலும் வேன்லதான் ஏத்தணும்னு நாகப்பன் சாரே ரூல் போட்டுக்கிறாரு," என்றான் செக்யூரிட்டி பாபு.

"நான்தான் கூப்ட்டேன். உசுரு போவுது, இன்னாய்யா ரூலு?" என்று சீறினாள் லைனில் வேலை செய்யும் பாஞ்சாலி.

வண்டியிலிருந்து குதித்த மருத்துவ உதவியாளர் தங்கமாரி, விழுந்தவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இதே ஆள்தான். போன வருஷம் அவள் தம்பி இசக்கியப்பன் இங்கே மயங்கி விழுந்தபோது, "நடிக்கிறான், வேன்ல தூக்கிப் போடு" என்றவர். தம்பியின் கூட்டாளிகள் போட்டோவில் காட்டியிருந்தார்கள். வேனில் மருந்து ஏது, ஆக்சிஜன் ஏது? ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் தம்பி அடங்கிவிட்டான்.

கைகள் பாட்டுக்கு வேலையைச் செய்தன. நாடி நாற்பதைக்கூடத் தொடவில்லை. பிரஷர் படுத்துக் கிடந்தது. போனில் 108 கட்டுப்பாட்டு அறை டாக்டர், "அட்ரோபின் போடுங்க சிஸ்டர், சட்டுனு தள்ளுங்க" என்றார்.

இதயத் துடிப்பை ஏற்றும் அந்த மருந்தை வேகமாகத் தள்ள வேண்டும். மெதுவாகத் தள்ளினால் தளர்ந்த இதயம் இன்னும் தளரலாம். அது தங்கமாரிக்குத் தெரியும். சுற்றி நின்ற ஒருவருக்கும் தெரியாது. மெதுவாத் தள்ளுடி, எவன் கேக்கப் போறான் என்றது மனசு. கட்டைவிரல் ஊசியின் மேல் அசையாமல் நின்றது.

"காப்பாத்தும்மா..." என்று முனகினார் நாகப்பன்.

தம்பியும் இந்த ஆளிடம் இப்படித்தான் கெஞ்சியிருப்பான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலோடேயே ஒரே அழுத்தாக மருந்தைத் தள்ளினாள். இவரைப் போல ஆவதற்கு அவள் தயாரில்லை.

மானிட்டரில் எண் ஏறியது. கண் விழித்த நாகப்பன் முதலில் சொன்னது, "ரெக்கார்டு போட்றாதம்மா, கம்பெனில பிரச்சனையாயிடும்."

தங்கமாரி அவர் காதருகே குனிந்தாள். "போடத்தான் போறேன். இசக்கியப்பன ஞாபகம் இருக்கா சார்? நான் அவன் அக்கா."

நாகப்பன் முகம் வெளிறியது. கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ண மூடாதிய. உங்கள சாக விட்டா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். எனக்கு அது பத்தாது. நீங்க ரொம்ப நாள் இருக்கணும். லைன்ல ஒருத்தன் விழும்போதெல்லாம் எந் தம்பி மொகம் உங்க முன்ன வந்து நிக்கணும்."

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. விழுந்தவன வேன்ல ஏத்தாதிய, 108-ஐக் கூப்பிடுங்க. உசுரக் காக்குற மருந்து இந்த வண்டியிலதான் வருது. கம்பெனி பேரக் காப்பாத்துறேன்னு இவரு போட்ட ரூலு, எந் தம்பியக் கொன்னுச்சு. இன்னைக்கு இவரையே கொல்லப் பாத்துச்சு."