இருபத்திரண்டு மூட்டைக் கல்தூள்

குப்பம்மாக்காவின் கீரை நிலத்துக்கு மூன்று நாளாக நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று போனில் சொல்லியிருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த நிலத்தில் நான் கொண்டுபோய் இறக்கிய தூள் என்ன தூள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். வேப்பம்பட்டில் ஒற்றை அறை. வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஷேக் தாவூத் பாயின் கிரானைட் பட்டறையில். கல் அறுக்கும்போது சக்கரத்தின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். தூளெல்லாம் அந்தத் தண்ணீரோடு போய் ஒரு தொட்டியில் படியும். சனிக்கிழமைதோறும் அந்தச் சேற்றை அள்ளிக் காயவைத்து மூட்டை கட்டுவது என் பொறுப்பு.

குப்பம்மாக்கா என் அறையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஐம்பது சென்ட் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறார். அவருக்கு முன்னால் வைத்திருந்த ஆள், செங்கல் சூளைக்காக ஒரு முழம் மேல்மண்ணை வெட்டி அனுப்பிவிட்டான். மிச்சம் இருந்த மண்ணில் யூரியா போட்டால் நாலு நாள் பச்சை, பிறகு மஞ்சள். கீரை வாங்கப் போன என்னிடம் அதைச் சொல்லித்தான் அவர் முதலில் பேச ஆரம்பித்தார். இந்த ஊரில் என்னிடம் விலை தவிர வேறு எதையாவது பேசிய முதல் ஆள் அவர்தான்.

ரயிலில் ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மலை தேய்ந்துதான் மண் ஆகிறது. மண்ணில் இருக்கும் தாதுவெல்லாம் பயிரோடு போய்விட்டால், கல்லைத் தூளாக்கிப் போட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். காட்டு மரங்களுக்குக்கூடப் போடுகிறார்கள். கல் கரையும்போது காற்றில் இருக்கிற கரியமிலப் புகையையும் பிடித்துக்கொள்ளுமாம். இறங்கியதும் நேரே அவரிடம் போய்ச் சொன்னேன்.

"புகையைப் புடிக்கறதெல்லாம் கவர்மெண்டு பாத்துக்கும். என் கீரை வருமா? அத்தச் சொல்லு" என்றார்.

"போட்டுப் பாப்பமே அக்கா. சும்மா தூரக் கொட்டுத தூளுதானே."

"வந்துட்டான்யா தென்காசி விஞ்ஞானி!"

ஓரத்தில் இரண்டு பாத்தியில் மட்டும் போட்டோம். அப்போது பட்டறையில் கறுப்புக் கல்தான் அறுத்துக்கொண்டிருந்தோம். எருவோடு கலந்து கொத்திவிட்டு சிறுகீரை விதைத்தார். ஒரு மாதத்தில் அந்த இரண்டு பாத்தியும் தனியாகத் தெரிந்தன. இலை தடிமனாக, தண்டு உருண்டையாக. அக்கா ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, ஏதோ சம்பந்தி ஊட்டுக் கீரை மாரி கீது" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நிலத்துக்காரர் லட்சுமணன் வந்தார். ஆவடி ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர். பிளாட் போடக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். அக்கா அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அந்த இரண்டு பாத்திக்கும் கூட்டிப்போனார்.

"ஒரு வெள்ளாமை பாருங்க சாரு. மொத்த நெலமும் இத்தே மாரி வரும். வரலன்னா நானே போயிட்றேன்."

லட்சுமணன் குனிந்து பார்த்தார். "சரிம்மா. பொங்கல் வரைக்கும்" என்றார்.

ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரத்தில் இருபத்திரண்டு மூட்டை சேர்த்தேன். பாயின் லோடு வண்டியே கொண்டுவந்து இறக்கியது. மொத்த நிலத்திலும் தூவினோம். பழைய இரண்டு பாத்திக்கு மட்டும் வேண்டாம், ஏற்கெனவே தின்றதுதானே என்று விட்டுவிட்டோம். விதைத்த மறுநாள் மழை. மழை விட்டதும் வெயில். நாலாம் நாள் நிலத்தின் மேல்பக்கம் சிமெண்ட் பூசினதுபோல ஓடாக இறுகியிருந்தது. கீரை விதை கடுகைவிடச் சின்னது. அதற்கு அந்த ஓட்டை முட்டித் திறக்கத் தெம்பில்லை. அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது.

ஒரு கட்டியை எடுத்துப்போய் பாயிடம் காட்டினேன். அவர் நகத்தால் சுரண்டினார்.

"இது நம்ம வெள்ளக் கல்லு தூளுப்பா. பூஜைக்கு அப்பால அதானே அறுக்கறோம், கிச்சன் மேடைக்கு."

"அதும் கல்லுதானே பாய்?"

"அது எங்கப்பா கல்லு? தூளைப் போட்டு, பசையை ஊத்தி, அமுக்கி எடுக்கறது. மலையில இருந்து வர்றதில்ல, கம்பெனியில இருந்து வருது. சத்தும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. தொட்டியில மிச்சம் கெடந்த கறுப்புத் தூளோட கலந்து சாம்பக் கலர்ல இருந்ததால ஒனக்குத் தெரியல."

"இப்ப அதை மண்ணுல இருந்து எடுக்க முடியுமா பாய்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "டீயில கரைச்ச சக்கரையைத் திரும்ப எடுத்துக் குடுன்றியா? போடறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பா. இங்கதான கீறேன் நானு."

கேட்டிருக்கலாம். பலகை பலகையாக அதைத் தோளில் தூக்கியவன் நான். கல் கனம், கல்லின் சில்லிப்பு. கல் இல்லை என்று எப்படித் தோன்றும்?

மூன்று நாள் உடம்பைச் சாக்குச் சொல்லிவிட்டு நாலாம் நாள் அக்காவிடம் போனேன். அக்கா குந்தி உட்கார்ந்து மண்வெட்டியால் மேல் ஓட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பழைய இரண்டு பாத்தியும் பக்கத்தில் பச்சையாக நின்றன. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, வெள்ளைக் கல், பசை, எல்லாம்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "அப்ப உரம் போட்டா சரியாயிடாதா?"

"ஆகாதுக்கா."

"ஏரு ஓட்டுனா?"

"உள்ள தள்ளிரும். போகாது."

"அந்தக் கறுப்புத் தூளு கொஞ்சம் குடேன் தம்பி, மேல போட்டுப் பாப்பம்."

"கறுப்புக் கல்லு இப்ப வாரதில்லக்கா."

"வாய தொறந்தா ஆகாது, வராது. மூட்டை எறக்கும்போது மட்டும் இந்த வாயி எங்க போச்சு?" என்றார். அதோடு நிறுத்திவிட்டார். இன்னும் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சுரண்டினோம். ஓட்டோடு மண்ணும் வந்தது. ஏற்கெனவே ஒரு முழம் போன நிலம். சுரண்டியது வரப்போரம் குவியலாக ஏறியது. சுரண்டிய இடத்தில் மறுபடி விதைத்தார். அங்கொன்று இங்கொன்று முளைத்து, இரண்டு இலையோடு வெளுத்துப்போனது.

மார்கழி பாதியில் லட்சுமணன் வந்தார். கூடவே பிளாட் போடும் ஆள் ஒருவன். லட்சுமணன் கோபப்படவில்லை. வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ சொன்னதால தான்மா நானும் நம்புனேன்" என்றார். கூட வந்தவன் சுரண்டாத பக்கம் போய்க் காலால் தரையை இரண்டு முறை உதைத்துப் பார்த்தான்.

"தரை சூப்பரா கீது சாரு. இறுகிக் கெடக்குது. ரோடு போட்டா அமுங்கவே அமுங்காது. இன்னா போட்டீங்க?"

"இந்தத் தம்பி கொண்டாந்த கல்தூளு" என்று லட்சுமணன் என்னைக் காட்டினார். அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணாத்தே, அந்தத் தூளு இன்னும் கெடைக்குமா? ஒரு பத்து லோடு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் குவியலிலிருந்து ஒரு வேரைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"கெடைக்கும்னு சொல்லேன். வாரா வாரம் அள்றல்ல" என்றார், தலையைத் தூக்காமல்.

"கிடைக்கும்" என்றேன்.

அவர்கள் அளப்பதற்கு டேப்பை எடுத்தார்கள். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றான். என் கையில் கொடுத்தான். பிடித்துக்கொண்டு நின்றேன்.