கதவுக்குப் புதுக் காகிதம்

சூசோக் அறுவடைப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தபோது, கதவுக்குக் காகிதம் மாற்றியே ஆகவேண்டும் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். போன இலையுதிர் காலத்தில்தான் எல்லாக் கதவின் மரச்சட்டத்திலும் புதிதாக ஒட்டியிருந்தோம். நல்ல மல்பெரிக் காகிதம், இரண்டு வருடம் தாராளமாகத் தாங்கும். மழை விட்டதும் எனக்கு வேறு வேலையா இல்லை? கூரை ஓட்டிடுக்கில் முளைத்த புல்லைப் பிடுங்க வேண்டும். இறவாரத்துத் தகரத்தில் அடைத்துக் கிடக்கும் பைன் சருகுகளை அள்ள வேண்டும். அறையைச் சூடாக்கத் தரைக்கு அடியில் அடுப்புப் புகை போகும் பாதையில் எங்கே விரிசல் என்று பார்த்து மண் பூச வேண்டும். அதை மட்டும் அலட்சியமாக விட்டால் முதல் குளிரிலேயே வீட்டோடு இருமிச் சாக வேண்டியதுதான்.

"எது கிழிஞ்சிருக்குன்னு காட்டு, அதை மட்டும் ஒட்டிடலாம்" என்றேன்.

"சுன்யே ரூம் கதவு."

"அதுல ஒரு பொத்தல்கூட இல்லையே."

"பொத்தல் இல்லாததுதாங்க பிரச்சினை" என்றாள்.

சுன்யே எங்கள் ஒரே மகள். நாற்று நட்டு முடித்த மறுநாள் ஒரு பையோடு வந்து நின்றாள். புருஷனோடு இனி வாழ்க்கை இல்லை, கையெழுத்துப் போட்டாயிற்று என்று வாசலிலேயே சொல்லிவிட்டு அந்த அறைக்குள் போனவள்தான். இருட்டிய பிறகு கிணற்றடிக்கு வருவாள், குளிப்பாள், போய்விடுவாள். கதவுக்கு வெளியே வைக்கிற சோறு பாதி அப்படியே திரும்பி வரும். நான் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். என் வீரம் அவ்வளவுதான். மழைக்காலம் இப்படியே கழிந்துவிட்டது. குளிர்காலமும் வந்துவிட்டால் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவள் அப்படியே முடங்கிவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. மனைவிக்கு என்னைவிடப் பயம் என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை அவள் கதவோரம் போய், உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலச் சொன்னாள்: "கதவைக் கழட்டணும்மா. காகிதம் மாத்துறோம்."

உள்ளே போர்வை சரசரத்தது. பிறகு, "எல்லாக் கதவுமா?"

"பின்னே? எல்லாந்தான்."

மனைவி ஒரு பொய் சொன்னாள், எனக்கு நாலு கதவு வேலை. முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிணற்றடியில் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். ஊறிய காகிதம் கையோடு உரிந்து வந்தது. சட்டத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். வீடு பல் போன வாய்போல நின்றது. சுன்யே அறை மூலையில், முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் கழித்து அவளைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். பின்கழுத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்தா அரிசி மில்லுக்காரம்மா பூசணிக்காயோடு வரவேண்டும்? ஊருக்கே விஷயம் தெரியும். கேட்க ஒரு வாய்ப்பு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"என்ன, வீடே அம்மணமா நிக்குது" என்று சிரித்தவளின் கண் நேராக அந்த அறைக்குப் போனது. "அட, சுன்யேவா அது? பண்டிகைக்கு வந்தியாம்மா? மாப்பிள்ளை எங்கே?"

பசை கிண்டிக்கொண்டிருந்த என் மனைவி, "ஏன், இன்னைக்கு மில்லு ஓடலையா?" என்றாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு போய் மகளுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். காகிதம் உரித்த கதவு. வெறும் மரக் கட்டங்கள். மில்லுக்காரம்மா நின்ற பக்கமிருந்து மகளும் தெரிந்தாள், என் அசட்டு மூஞ்சியும் தெரிந்தது.

சுன்யே திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தாண்டி மில்லுக்காரம்மாவைப் பார்த்தாள்.

"பண்டிகைக்கு வரலை அத்தை. நடவு முடிஞ்சப்பவே வந்துட்டேன். அவர் வரமாட்டாரு, நாங்க பிரிஞ்சாச்சு. இனிமே நான் இங்கதான்."

மில்லுக்காரம்மா கையிலிருந்த பூசணிக்காயைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"அப்ப இது ஒண்ணு பத்தாதே" என்றாள். "நான் ரெண்டு பேருன்னு நெனச்சு எடுத்தாந்தேன். இரு, போய் இன்னொண்ணு கொண்டாரேன்."

அவள் தலை மறைந்ததும் சுன்யே சொன்னாள்: "அப்பா, அதைக் கீழ வைங்க. சட்டையெல்லாம் நனையுது பாருங்க."

கதவை வைத்தேன். அவள் எழுந்து, என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி முற்றத்தில் இறங்கினாள். நேராக அம்மாவிடம் போய்ப் பசைச் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ கட்டி கட்டியா கிண்டினா எப்படிம்மா ஒட்டும்?"

"நாலு மாசமா தூங்கினவ சொல்ல வந்துட்டா" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சட்டங்கள் காய்ந்ததும் மூவருமாக ஒட்டினோம். காயும்போது காகிதம் இறுகட்டும் என்று வாயில் தண்ணீர் வைத்து ஊதித் தெளித்து நிழலில் நிறுத்தினோம். சாயங்காலம் தட்டிப் பார்த்தபோது காகிதம் விறைத்து டம் டம் என்றது. மூன்று கதவுகளை மாட்டிவிட்டு நாலாவதைத் தூக்கிக்கொண்டு சுன்யே அறைக்குப் போனேன்.

சுன்யே வாசற்படியில் கால்களை முற்றத்தில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். நகரவில்லை.

"இன்னைக்கு வேணாம்ப்பா."

"ராத்திரி குளிரும்மா."

"குளிரட்டும். போத்திக்கிறேன்."

அவள் அறை விளக்கின் வெளிச்சம் முற்றத்தைத் தாண்டி, காயப்போட்ட மிளகாய்வரை விழுந்து கிடந்தது. கதவை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.