மேற்கே திரும்பிய அறை

“இது கான்ட்ராக்ட் வெயிலும்மா. ஆறு மணி ஆனா பையைத் தூக்கிக்கினு போய்டும்.”

“வெயில் போய்டும்பா. செவுத்துக்குள்ள போற சூடு பர்மனென்ட். ராத்திரி பூரா வூட்டுக்குள்ளதான் எறங்கும். கதவைத் திற.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த செங்குட்டுவன் சிரித்தார். வெளிக்கதவு, வீட்டுப் பக்கக் கதவு இரண்டையும் உள்ளே தாழிட்டிருந்தார். வெளியே மகள் எழில்மதியும், கண்ணாடியைக் கழற்ற அவள் அழைத்து வந்த கொத்தனார் மணிமாறனும் நின்றார்கள்.

புது வீட்டின் இந்த அறைக்குப் பிளான் அவள் வரைந்ததுதான். பனி பெய்யும் ஊர்க் கதைகளில் படித்த கண்ணாடி அறையை, மார்கழிக் குளிரில் மூச்சு இழுக்கும் அம்மாவுக்காக இந்த ஊருக்கு மாற்றியிருந்தாள். தெற்கே கண்ணாடி, அதன் பின்னால் பகல் சூட்டைச் சேர்த்துவைக்கும் கருங்கல் சுவர். மார்கழியில் தெற்கே சாயும் வெயில் உள்ளே விழும். சித்திரையில் உச்சிக்கு ஏறி, கூரையோடு போய்விடும்.

வீடு கட்டும்போது அவள் சென்னையில் இருந்தாள்; அப்பா அறையை மேற்கே திருப்பிவிட்டார். அங்கிருந்துதான் அவர் வேலை பார்க்கும் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு இங்கேதான் வரவேண்டும்.

இப்போது சித்திரை. மாலை வெயில் நேராக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

“பாய்லர் பக்கத்துல முப்பது வருஷம் நின்னவன் நான். பொழுது சாயற வரைக்கும் உக்காந்து காட்றேன். அப்புறம் கண்ணாடில கை வைங்க.”

“அங்க ஷிஃப்ட்டு மாத்த ஆள் வரும்ண்ணே. இங்க யாரு வருவா?” என்றார் மணிமாறன்.

“நீ போய் வேலையைப் பாரு.”

“வேலையைத்தான் நீங்க பூட்டிக்கினு உக்காந்திருக்கீங்க.”

செங்குட்டுவனின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தார், ஒன்றும் வரவில்லை. எழுந்தவர் தடுமாறிச் சுவரில் கை ஊன்றினார். உடனே கையை இழுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். கண்கள் புகைபோக்கிகள் பக்கமே இருந்தன.

மணிமாறன் கடப்பாரையை எடுத்தார். “ஒடைச்சா அவரு மேலதாம்மா விழும்” என்றார் மெதுவாக.

அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எழில்மதி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. எடுக்கவில்லை.

“யப்பா, நீயே ஜெயிச்சிட்ட. கண்ணாடி அப்பிடியே இருக்கட்டும், மேற்காலயே இருக்கட்டும். தாழ்ப்பாளை மட்டும் திறப்பா.”