ஒளிக்கு எந்த எழுத்து

பச்சை குத்திக்கொள்ள வருகிற யாரும் கதை சொல்லாமல் கையை நீட்டுவதில்லை. பதினேழு வருடமாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. மின் அலுவலக எழுத்தர் ஒருவர் நெஞ்சில் சிங்கம் குத்திக்கொண்டார். வீட்டில் மனைவி இருந்தால் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். லாரி டிரைவர் ஒருவர் முதல் காதலியின் பெயரைப் பூவாக மாற்றச் சொன்னார், இரண்டாவது பெயரைப் பறவையாக்கச் சொன்னார். மூன்றாம் முறை வந்தபோது, "இனிமே நேரா மரத்தையே குத்திடுங்க, பேரே வேணாம்" என்றார். செத்துப்போன நாயின் பாதத்தைத் தோளில் குத்திக்கொண்டு ஒரு பெண் குலுங்கிக் குலுங்கி அழுதாள். மறுவாரம் புது நாய்க்குட்டியோடு தெருவில் சிரித்துக்கொண்டு போனாள். இதையெல்லாம் உருகி உருகிக் கேட்கிற ஆள் நானில்லை. தோலைக் கொடு, குத்திவிடுகிறேன், கதையை வீட்டுக்கு எடுத்துப் போ என்பேன்.

எழுத்து விஷயத்தில் மட்டும் நான் இன்னும் கறார். என்ன குத்த வேண்டுமோ அதை வருகிறவர் தன் கையாலேயே படிவத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதை அப்படியே படியெடுத்துத் தோலில் ஒற்றுவேன், அதன்மேல் ஊசி ஓடும். இந்த ல, ள, ழ மூன்றும் சேர்ந்து எத்தனை பேர் மானத்தை வாங்கியிருக்கின்றன தெரியுமா? முதுகு முழுக்க 'வீரவால்' என்று குத்திக்கொண்டு சட்டை போடாமல் திரிகிற உடற்பயிற்சி மாஸ்டர் ஒருவரை எனக்குத் தெரியும். வேறு யாரோ குத்தியது. அப்படிப்பட்ட பழி என் தலையில் விழக்கூடாது என்றுதான் இந்தப் படிவம்.

அன்று மதியம் பள்ளி வேன் டிரைவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையில் நங்கூரம் குத்திக்கொண்டிருந்தார். கடலில் கால்கூட நனைக்காத மனிதர். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். அதையும் மீறி மாடிப்படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று ஏறி வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரம்மா நுழைந்தாள்.

ஆறு வாரத்துக்கு முன்னால் என்னிடம் குத்திக்கொண்டு போனவள். ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்கை விரிப்பும் டாக்டர்களின் அங்கியும் தைக்கிற வேலை. அறுபதை நெருங்குகிற வயது, ஆறு பேருக்கான குரல். வந்ததும் வராததுமாக வலது கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"படி. நீயே உன் வாயால படி."

மிஷினை நிறுத்தினேன். படிக்கத் தேவையே இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் வேன் டிரைவர் ஒரு கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"மகளே ஒழி" என்று படித்தார். "ஐயையோ!"

அவள் கேட்டது 'மகளே ஒளி'. மகள்தான் எனக்கு வெளிச்சம் என்று அர்த்தம். ளி இருக்க வேண்டிய இடத்தில் ழி வந்தால், ஏ மகளே, நாசமாகப் போ என்று ஆகிவிடும். 

"என்னம்மா இப்ப?" என்றேன். "நீங்க எழுதிக் குடுத்ததைத்தானே குத்தினேன்?"

"நானா? பெத்த பொண்ண எவளாவது இப்படி எழுதுவாளா? அவதான் முதல்ல பாக்கணும்னு ஆறு வாரமா யாருக்கும் காட்டாம மூடியே வச்சிருந்தேன். நாலு வருஷம் கழிச்சு நேத்து எனக்குக் கதவத் தொறந்தா. கைய நீட்டிக் காட்டினேன். படிச்சா. படார்னு சாத்திட்டா. எதிர் வீட்டுக்காரி வந்து, ஏதோ எழுத்து மாறியிருக்கும்மா, வேற அர்த்தமாயிடுச்சுன்னு சொன்னப்புறம்தான் எனக்கே தெரியுது. பாவி, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

நான் பதறவில்லை. அலமாரியைத் திறந்து அவளுடைய படிவத்தை உருவி எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தேன். இப்படி ஒரு படிவத்தை எடுத்து ஒருவரின் மூக்கை அறுப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு, மறைப்பானேன்.

"யாரு எழுத்து? யாரு கையெழுத்து? பாருங்க."

அவள் படிவத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை ஓட்டினாள்.

"நான் எழுதினதுதான். இதுல என்ன தப்பு?"

"கடைசியில நீங்க போட்டிருக்கிறது ழி. ஒளிக்கு ளி வரணும்."

"ஏன்?"

"ஏன்னா? அப்படித்தான்."

"அழகுக்கு இந்த எழுத்துதானே? மழைக்கு, வாழ்க்கைக்கு, தமிழுக்கு? நல்லதுக்கெல்லாம் இதைப் போட்டுட்டு ஒளிக்கு மட்டும் வேற எழுத்தா?"

"அழுகைக்கும் இதுதாம்மா."

"வழுக்கைக்கும்" என்றார் வேன் டிரைவர், தன் தலையைத் தடவிக்கொண்டு. இருவரும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தோம். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் படிவத்தை மேசைமேல் வைத்தாள். குரலும் கொஞ்சம் கீழே இறங்கியது.

"நான் எழுதும்போது நீ பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

"நான் மூணாவதோட நின்னவ. நீ படிச்சவ. தப்புன்னு உனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் குத்தின."

தெரியும். அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். ஆறு வாரத்துக்கு முன்னால் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மகள் புராணம் பாடினாள். மாப்பிள்ளை பார்த்தாளாம், மகள் வேண்டாம் என்றாளாம், வாய்த்தகராறு முற்றி மகள் வீட்டை விட்டே போய்விட்டாளாம். "என் வாய் நல்ல வாய் இல்ல. அதான் கையில எழுதிட்டுப் போய்க் காட்டலாம்னு வந்தேன்" என்றாள். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அவள் கண் என் இடது மணிக்கட்டில் விழுந்தது. அங்கே இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கிறது. அதற்கடியில் ஓர் ஆணின் பெயர் இருந்தது. அதை மூடியதும் நான்தான்.

"உன் கையிலயே ஒருத்தன் பேரு நிலைக்கல. நீ ஊராருக்குக் குத்த வந்துட்ட" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அந்தப் பெயரோடு நான் பட்ட பாட்டை அவள் என்ன கண்டாள்? அடுத்த நிமிடம் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி நிதானமாக அவள் எழுதினாள். ழி விழுந்ததைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. எழுதினது நீ, அனுபவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த ழி அத்தனை திருத்தமாக வந்தது. ரசித்து ரசித்துக் குத்தியிருந்தேன்.

"விதின்னா விதி" என்றேன் அவளிடம் இப்போது. "எழுதினதை மாத்த எனக்கு உரிமை கிடையாது."

"நானும் ஊசி பிடிக்கிறவதான். அளவெடுத்துக் குடுத்தவன் தப்பா குடுத்தா, ஏன்யா, ஒரு கை நீளமா இருக்கேன்னு கேப்பேன். கேக்காமத் தைக்க மாட்டேன். அப்படியும் தப்பாயிட்டா உக்காந்து பிரிச்சுத் தைப்பேன். உன்னால பிரிக்க முடியுமா?"

மேசைமேல் கிடந்த படிவத்தை எடுத்து அலமாரிக்குள் திணித்தேன். ஒரு கிழவி, படிவமும் கையெழுத்தும் என் பக்கம் இருக்கும்போதே, என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது.

"கிளம்பு" என்றாள். "என் பொண்ணுகிட்ட வந்து சொல்லு."

"என்னன்னு?"

"நடந்ததை."

வேன் டிரைவர் பாதி நங்கூரத்தோடு எழுந்து உட்கார்ந்தார். "போயிட்டு வாங்க மேடம். நான் ஸ்கூல் விடுறதுக்குள்ள போகணும், அவ்வளவுதான்" என்றார். அவருக்குத் துணி சுற்றி அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

மகள் வேலை பார்க்கும் மருந்துக் கடை நான்கு தெரு தள்ளி இருந்தது. வழியெல்லாம் சண்டை. நான் வேகமாக நடக்கிறேனாம். நான் மெதுவாக நடக்கிறேனாம். எனக்குப் பிள்ளை இருந்தால் தெரியுமாம். எனக்கு உங்களை மாதிரி அம்மா இருந்திருந்தால் நானும் கதவைச் சாத்தியிருப்பேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.

மருந்துக் கடைக்கு எதிர்ப்புறம் நின்றுகொண்டாள்.

"நீ மட்டும் போ. நான் வந்தா சரிவராது."

"ஏன்?"

"அவ இதுக்கு முன்ன வேலை பார்த்த கடையில போய் நாலு பேரு முன்னாடி சத்தம் போட்டேன். முதலாளி அவளை வேலைய விட்டு நிறுத்திட்டான்."

இதை அந்த ஒரு மணி நேரப் புராணத்தில் சொல்லவே இல்லை.

உள்ளே மருந்து வாசனை, மின்விசிறிச் சத்தம், வரிசையில் மூன்று பேர். கவுண்டருக்குப் பின்னால் அதே மூக்கு, அதே முறைப்பு. யார் என்று கேட்கவே தேவையில்லை. ஒரு டாக்டரின் சீட்டைக் கண்ணெதிரே பிடித்துப் பார்த்தாள். கோழி கிளறிய மாதிரி இருந்தது. இரண்டு நொடியில் மாத்திரையை எடுத்து வைத்து, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றாள். என் முறை வந்தது.

"சொல்லுங்க."

"உங்கம்மாவுக்குப் பச்சை குத்தினது நான்தான். அது எழுத்துப் பிழை. அவங்க ஒளின்னு நெனச்சுத்தான் எழுதினாங்க. தப்புன்னு நான் பார்த்தேன். சொல்லாம குத்திட்டேன்."

"ஏன் சொல்லல?"

"உங்கம்மா மேல கோபம்."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. "என்ன சொன்னாங்க உங்களை?"

மணிக்கட்டைக் காட்டினேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அக்கா, நாலாவது படிக்கும்போது விளக்கைப் பத்திக் கட்டுரை எழுதினேன். எல்லா இடத்துலயும் ஒளின்னு சரியாத்தான் எழுதியிருந்தேன். அம்மா ரப்பரை எடுத்து ஒண்ணொண்ணா அழிச்சு ஒழின்னு மாத்திக் குடுத்தாங்க. விளக்கு ஒழி தரும். சூரியன் ஒழி தரும். கிளாஸே சிரிச்சுது."

"அப்ப நேத்து..."

"பார்த்ததுமே தெரியும். எங்கம்மா எழுத்து எனக்குத் தெரியாதா?"

பின்னால் நின்ற ஆள் இருமினார். அவள் அவருக்கு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"கதவைத் தொறந்ததுமே தப்புப் பண்ணிட்டோம்னு தோணுச்சு. உள்ள விட்டா நாளைக்கு இந்தக் கடைக்கு வருவாங்க, கத்துவாங்க. எப்படிச் சாத்துறதுன்னு தெரியாம நின்னேன். அவங்களே கைய நீட்டினாங்க. அதைச் சாக்கா வச்சுச் சாத்திட்டேன்."

ஒரே எழுத்தை இரண்டு பேர் பார்த்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் அது பிழை என்று தெரியும். இரண்டு பேரும் அதைக் கொண்டே தையல்காரம்மாவை அடித்திருக்கிறோம். இவளுக்காவது நாலு வருடக் காரணம் இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரு வாக்கியம். வெட்கமாக இருந்தது.

"வெளிய நிக்கிறாங்க" என்றேன்.

"தெரியும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். நாலு மணிக்கு என் வேலை முடியும். நான் பின்வாசல் வழியாப் போயிடுவேன். காத்துக்கிட்டு நிக்க வேணாம்னு சொல்லிடுங்க."

"நான் சொல்லணுமா?"

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தது ஒரு தடவை போதும்" என்றாள். அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

தெருவைக் கடந்தேன். தையல்காரம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றி எழுத்தை மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மணி நாலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"நீதான் தெரிஞ்சே குத்தினேன்னு?"

"அதையும் சொன்னேன்."

"நம்பினாளா?"

"நம்பினா. பிழைன்னு அவளுக்கு நேத்தே தெரியுமாம்."

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு நொடிதான். பிறகு நான் சொன்னது அவளுக்கு முழுக்க உறைத்தது.

"தெரிஞ்சுமா சாத்தினா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கடையில் வேலை அதிகம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. இவள் அதை நம்புவாள், நான் வீட்டுக்குப் போய்விடலாம். எப்படியோ அதை விழுங்கினேன்.

"காத்திருக்க வேணாமாம்மா. நாலு மணிக்குப் பின்வாசல் வழியாப் போயிடுவாளாம்."

அழப்போகிறாள், பிடித்துக்கொள்ளலாம் என்று அருகில் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துவிட்டு, கடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"பின்வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.