நடு இடத்துப் பிணம்

வடக்கனந்தலுக்கு மேற்கே உள்ள அந்தச் சிற்றூரின் மகத்தான பதவியை ஐந்து தலைமுறையாக வகித்துவரும் குடும்பத்தின் இன்றைய தலைவர் திருவாளர் அரங்கநாதன் என்பதை உலகம் அறியக் கடவது. பதவி இதுதான்: திரௌபதை அம்மன் திருவிழாவின் கடைசி நாள் நண்பகலில், பாரதப் போர்க்களமாகப் பாவிக்கும் படுகளத்தில் பிணமாகப் படுத்துக் கிடப்பது.

பாண்டவர் பிள்ளைகளாக ஐந்து பேர் படுப்பார்கள். வெள்ளைத் துணி போர்த்துவார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் உயிர்த்தெழ வேண்டும். அதுவரை, அரைமணி நேரம், அசையக் கூடாது. பிணம் அசைந்தால் ஊருக்கு ஆகாது. நாலு இடத்தில் யார் வேண்டுமானாலும் படுக்கலாம். நடு இடம் மட்டும் அரங்கநாதன் குடும்பத்துக்கு. அதன்மேல் பங்காளி தங்கதுரைக்கு இருபது வருஷமாகக் கண்.

அப்பேர்ப்பட்ட அரங்கநாதனின் கால்களுக்குள்தான் ராத்திரியில் புழு ஊர்கிற மாதிரி ஒரு நோவு ஆரம்பித்தது. படுத்தால் ஊரும், எழுந்து நடந்தால் நிற்கும். கள்ளக்குறிச்சி டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை தந்தார். ஆறு மாதம் சொர்க்கம். பிறகு மாத்திரை தன் குணத்தைக் காட்டியது. சோற்றைக் கண்டால் குமட்டல். பேச்சின் நடுவிலேயே தூக்கம். ஒரு துக்க வீட்டில் செத்தவரின் மகன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார், பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, இரவில் மட்டும் ஊர்ந்த புழு இப்போது காலை பதினோரு மணிக்கே ஊர்ந்தது.

"சில பேருக்கு இந்த மாத்திரையாலயே நோவு முன்னாடி வந்துரும். வேற மாத்தித் தரேன். கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும்," என்றார் டாக்டர்.

"திருவிழா முடியட்டுங்க," என்றார் அரங்கநாதன்.

டீக்கடையில் தங்கதுரை எல்லோர் காதிலும் விழும்படி விசாரித்தான்.

"இன்னாண்ணே, குந்தன எடத்துலயே காலு ஆடிக்கினு இருக்குது? அம்மன் பொணம் கேட்டா நீ கரகாட்டம் காட்டுவ போல. எம்புள்ளைக்கு வுட்டுக் குடுத்துடேன்."

படுகளத்தன்று காலை அரங்கநாதன் ஒன்றுக்குப் பதில் மூன்று மாத்திரையை எடுத்தார். மனைவி ஆண்டாள் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணு போட்டாலே சோத்துத் தட்டுல மூஞ்ச வெச்சிக்கினு தூங்கறீங்க. மூணு போட்டா இன்னா ஆவறது?"

"பொணம் தூங்கனா எவன்டி கேக்கப் போறான்? ஆடனாத்தான் கேப்பான்."

தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. அன்று அவர் செத்த மாதிரி அந்த ஊரில் நிஜமாகச் செத்தவர்கள்கூடச் செத்ததில்லை. கட்டை விரல் அசையவில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூசாரி ஆதிமூலம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நாலு பேர் எழுந்தார்கள். நடு இடம் எழவில்லை. மறுபடி தெளித்தார். பிறகு குடத்தையே கவிழ்த்தார். பம்பைச் சத்தம் நின்றது.

"அம்மா உசுரு குடுக்க மாட்டேங்கறாளே!" என்று ஒருத்தி அலறினாள். ஊரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. "மாத்திரைங்க! மாத்திர போட்டுக்கினாருங்க!" என்று ஆண்டாள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

அப்போது துணிக்குள்ளிருந்து குறட்டை வந்தது.

"பொணம் கொறட்ட வுடுதுடோய்!" என்று சிரித்தான் தங்கதுரை. அழுதபடி விழுந்து கிடந்தவர்கள்தான் ரொம்பச் சிரித்தார்கள்.

பஞ்சாயத்து கூடி உரிமையைப் பிடுங்கியது. தங்கதுரை மகனுக்கும் தரவில்லை. சாமி காரியத்தில் தகப்பன் சிரித்ததும் குற்றமாம். அரங்கநாதன் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார். டாக்டர் மாத்திரையை மாற்றினார். பழையதை நிறுத்திய அந்த ஒரு மாதம், பொட்டுத் தூக்கமில்லாமல், சாமி குற்றத்துக்கு ஆளானவன் என்ற பெயரோடு, ஏரிக்கரையில் நடந்தார்.

அடுத்த வருஷம் படுகளத்தில் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றார். நடு இடத்தில் வேட்டி கட்டிய வைக்கோல் பொம்மை ஒன்றைப் படுக்க வைத்திருந்தார்கள். ஏதாவது விபரீதம் நடக்கும் என்று காத்திருந்தார். ஆதிமூலம் தண்ணீர் தெளித்தார். இரண்டு பேர் பொம்மையை இடுப்பில் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குலவையிட்டார்கள்.

யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.