இடைநின்ற பெண்ணும் இடுப்பு அளவும்

தையல்காரம்மாவின் வாய்க்கும் அவருடைய மெஷினுக்கும் யார் முதலில் ஓய்வது என்று ஒரு போட்டி உண்டு. இதுவரை மெஷின்தான் தோற்றிருக்கிறது. வீட்டின் முன்னறையே கடை. ஜன்னலோரம் மோட்டார் வைத்த மெஷின், ஆணிகளில் தொங்கும் கை வைக்காத சட்டைகள், தரையெல்லாம் நூல் குப்பை. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் துணியோடு தெருச் சேதியையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்க வருகிறவர்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டுகிற வேலை. விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்து, துவைத்த துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இப்படி ஊர்க் கதையெல்லாம் நுனி நாக்கில் வைத்திருந்த தையல்காரம்மா, ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. பத்தாவது படிக்கிற மகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் விஷயம்.

மழைக்காலத்தில் ஒரு ஸ்கூட்டர் சறுக்கி வந்து மோதியதில் அந்தப் பெண்ணுக்குக் கால் முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், பிரித்தார்கள். கால் சேர்ந்துவிட்டது, நடைதான் சேரவில்லை. முழுசாகச் சரியாக ஒரு வருஷம் ஆகும், அவசரப்படாதீர்கள் என்றார் டாக்டர். கட்டுப் பிரித்த பிறகு ஒரே ஒரு வாரம் பள்ளிக்கூடம் போனாள். அப்புறம், "படிப்பு பிடிக்கல" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா கெஞ்சினார், திட்டினார், ஒரு வேளை சாப்பிடாமலும் பார்த்தார். இரண்டாவது வேளை பசித்துவிட்டதால் அந்தப் போராட்டம் அதோடு முடிந்தது. இத்தனை நாள் போகாத பிள்ளையின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் எப்போதோ வெட்டியிருப்பார்கள், இனி போய்க் கேட்டால் ஆயிரம் கேள்வி வரும், அத்தனைக்கும் தன்னிடம் பதில் இல்லை என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். எதிர் வீட்டு அக்கா கேட்டபோது, "கால் வலிங்கா, டாக்டர் நடக்கக் கூடாதுன்னுட்டார்" என்று டாக்டர் தலையில் போட்டார். எதிர் வீட்டு அக்கா நம்பியது மாதிரி தலையாட்டினார். நம்பாமலே தலையாட்டுவதில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் அந்த போன் வந்தது.

தையல்காரம்மா எந்த போனையும் மெஷினை நிறுத்திவிட்டு எடுத்ததில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கால் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்கும். எதிர்முனையில் பேசிய பெண்மணி, வணக்கம், தான் கல்வித் துறையிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அது மெஷின் சத்தத்தில் போயிற்று. காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"...பொண்ணு இடைநின்னு ரொம்ப நாளாச்சு, அது விஷயமாத்தாம்மா கூப்பிட்டேன்."

முந்தின வாரம்தான் பேங்க்காரம்மாவின் மகளுக்கு ஒரு ஸ்கர்ட் தைத்துக் கொடுத்திருந்தார். இடுப்பு அளவில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அவர்கள்தான் ஆள் வைத்துப் பேசுகிறார்கள் என்று நினைத்தார். இடுப்பை 'இடை' என்று சொல்கிறாரே, படித்தவராகத்தான் இருக்கும் என்று குரலில் மரியாதையையும் கூட்டிக்கொண்டார்.

"இடையில நின்னா நல்லதுதானேங்க? நழுவிக் கீழ வந்தாத்தான் தப்பு."

"இல்லம்மா, இடையில நிக்கவே கூடாது. மேல போகணும்."

"மேல ஏத்தணுமா? ஏத்திடலாம். அதுக்கென்ன."

அன்றைக்கு அந்தப் பெண்மணி பேசிய வீடுகளில் பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். ஒருத்தர் எங்களுக்கு லோன் வேண்டாம் என்றார். இன்னொருத்தர் நீ யார் என்னைக் கேட்க என்றார். இங்கே ஒரு தாய், கேட்ட உடனே ஏத்திடலாம் என்கிறார்.

"ரொம்ப சந்தோஷம்மா. மறுபடியும் சேர்க்கறது கஷ்டமோன்னு நீங்க பயப்படவே வேண்டாம்."

"பயமா? பிரிஞ்சதைச் சேர்க்கறதுதானேங்க என் வேலை. நாளைக்குக் காலைல நேரா வீட்டுக்கே வந்துடுங்க."

"பொண்ணும் இருப்பாங்கல்ல?"

"பொண்ணு இல்லாம எப்படிங்க? பொண்ணு இருந்தாத்தானே ஆகும்."

இரண்டு பேரும் மனநிறைவோடு போனை வைத்தார்கள். இருவருக்கும் ஒரு நல்ல காரியம் பேசி முடித்த திருப்தி.

மறுநாள் காலையில் போனில் பேசிய ஆபீசரம்மா வந்தார். பருமனான தேகம், முதுகில் பிள்ளைகள் மாட்டுகிற மாதிரி ஒரு பை, முகமெல்லாம் வேர்வை. பஸ்ஸிலிருந்து இறங்கி தப்பான தெருவுக்குள் போய்ச் சுற்றி வந்திருக்கிறார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து இன்னொன்று கேட்டார். எதிர் வீட்டு அக்கா, காயவே காயாத ஒரு துணியை எடுப்பதற்காகத் தன் வாசலுக்கு வந்து நின்றுகொண்டார்.

தையல்காரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நீட்டிப் பிடித்தபடி கேட்டார்: "பொண்ணு எங்கங்க? வெளிய நிக்குதா?"

"உள்ள இல்லையா?" என்றார் ஆபீசரம்மா.

"யாரு?"

"உங்க பொண்ணும்மா. ஸ்கூலுக்கு வராம இருக்காங்களே. கல்வித் துறையிலேர்ந்து நேத்து பேசினேனே."

டேப் சுருண்டு தரையில் விழுந்தது. இடை என்றால் எந்த இடை என்று தையல்காரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானம் பாதி, பயம் பாதி.

"மேடம், தப்புதான் மேடம். கேஸ் எதுவும் போட்டுடாதீங்க. அதான் பேரை வெட்டிட்டீங்களே, அப்புறம் என்ன?"

"யாரும்மா வெட்டினது? எங்க துறையில எது கேட்டாலும் லேட்டாத்தான் வரும், ஆனா பேர் வெட்டற கத்தரி மட்டும் வாங்கவே இல்ல." ஆபீசரம்மா நாற்காலியில் கிடந்த துணிகளை நகர்த்தி, கேட்காமலே உட்கார்ந்தார். "அவங்க பேர் அப்படியேதான் இருக்கு. ஆனா பரீட்சைக்குப் பேர் கொடுக்க இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. அதுக்குள்ள பொண்ணு கிளாஸ்ல உட்காரணும். விட்டா ஒரு வருஷம் போயிடும்."

நேற்றைய குழப்பத்தைத் தையல்காரம்மா திக்கித் திணறிச் சொன்னார். ஆபீசரம்மா சிரித்த சிரிப்பில் நாற்காலி முனகியது. "இத்தனை வீட்டுக்கு போன் பண்ணினேன். வாங்கன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதான் முதல்ல இங்க வந்தேன். போகட்டும், அளவு எடுக்கத்தானே கூப்பிட்டீங்க, கூப்பிடுங்க பொண்ணை."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன பாப்பா, படிப்பு பிடிக்கலையாமே. எந்தப் பாடம் பிடிக்கல?"

"எல்லாமே."

"கணக்குமா?"

கணக்கில் வகுப்பிலேயே முதலாக வருகிறவள் என்பது தெருவுக்கே தெரியும். மேசையில் மூடிக் கிடந்த கணக்குப் புத்தகத்தின் நடுவே பென்சில் துருத்திக்கொண்டிருந்தது. ஆபீசரம்மா அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி அடுத்ததைக் கேட்டார்.

"உங்க கிளாஸ் எந்த மாடியில இருக்கு?"

அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் உதடு கோணிக்கொண்டது.

இரண்டாவது மாடி. முதல் நாள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறாள். மறுநாள் பையன்கள் சேர்ந்து ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போயிருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் படிக்கட்டு முழுக்க "மகாராணி வர்றாங்க, வழி விடுங்க" என்று கூவியிருக்கிறார்கள். கக்கூஸ் கீழே. கேட்டால் மறுபடி தூக்குவார்கள் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள்.

தையல்காரம்மா மகள் பக்கம் திரும்பினார். "ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ ஸ்கூலுக்கு வந்து சத்தம் போடுவே. அது அதைவிட அசிங்கம்."

வாசலில் எதிர் வீட்டு அக்கா, தன்னையறியாமல், ஆமாம் என்று தலையாட்டினார். இந்த முறை நம்பித்தான் ஆட்டினார்.

ஆபீசரம்மா அங்கேயே உட்கார்ந்து தலைமையாசிரியருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் தெருவுக்கும் சௌகரியமாகப் போயிற்று.

"கீழே ரூம் இல்லையே மேடம். இருக்கற ஒண்ணுலயும் உடைஞ்ச பெஞ்சு எல்லாம் போட்டு வெச்சிருக்கோம்."

"அதுங்களை மேல அனுப்புங்க சார்."

"அதையெல்லாம் மாடிக்கு ஏத்தறது ரொம்பக் கஷ்டம் மேடம்."

"பெஞ்சுக்காக இவ்வளவு கவலைப்படறீங்களே, இந்தப் பொண்ணு படிக்கட்டுல உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினது தெரியுமா சார்?"

"தெரியாது மேடம்," என்றார் தலைமையாசிரியர். குரல் இறங்கியிருந்தது. "நான் இங்க மாத்தலாகி வந்தே ரெண்டு மாசம்தான். பழசைக் கழிச்சு எடுத்துட்டுப் போக உங்க ஆபீஸ் உத்தரவு வேணும். வந்தா அன்னிக்கே காலி பண்ணிடறேன்."

"எங்க ஆபீஸ் உத்தரவுதானே? அது என் தலைவலி."

போகும்போது இன்னொன்றும் சொன்னார்: விட்டுப்போன பாடங்களை எடுக்கத் துறையே ஒரு டீச்சரை அனுப்பும், சாயங்காலம் ஒரு மணி நேரம். தையல்காரம்மா நன்றி சொல்லத் தெரியாமல், "ஒரு நல்ல சட்டை தச்சுத் தர்றேன் மேடம், அளவு கொடுங்க" என்று டேப்பைப் பொறுக்கினார்.

"வாங்கக் கூடாதும்மா. வாங்கினா எனக்கு வேலை போயிடும்."

நன்றியை வாங்கிப் போட ஒரு கவுண்டர்கூட வைக்காத ஆபீஸ் என்ன ஆபீஸ் என்று தையல்காரம்மா அன்று முழுக்கப் புலம்பினார்.

மறுநாள் சேதி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "கவர்மென்ட் உத்தரவுதானே, உன் பேத்தி படிக்கும்போது வந்துடும்" என்றார் எதிர் வீட்டு அக்கா. வியாழக்கிழமை தையல்காரம்மா ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்தார். போன் அடித்தபோதெல்லாம் மகள்தான் முதலில் நிமிர்ந்தாள். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு போனை எடுக்க ஆரம்பித்தார்.

அன்று மாலை ஆபீசரம்மா பேசினார். தொண்டை கட்டியிருந்தது. ஒரு கையெழுத்துக்காக ஒரு அதிகாரியின் அறைக்கு வெளியே காலையிலிருந்து நின்றாராம். அவர் வெளியே கிளம்பியதும் பின்னாலேயே போய் ஜீப்பை மறித்து வாங்கிவிட்டாராம். இதை ஒரு புகார் மாதிரிதான் சொன்னார், பெருமையாக இல்லை. "நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்கம்மா."

"பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்றாள் மகள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தார்கள். உடைந்த பெஞ்சுகள் எல்லாம் ஒரு லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. தலைமையாசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு முனையைப் பிடித்திருந்தார். காலியான அறையில் தூசியும் பினாயிலும் கலந்த வாசனை. பத்தாவது வகுப்பு முழுக்கப் பைகளோடு இறங்கி வந்து, ஜன்னல் பக்கம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நாற்காலி தூக்கிய பையன்களில் ஒருத்தன் வந்து, "இனிமே எங்களுக்கும் மாடி ஏற வேண்டாம், உன்னாலதான்" என்றான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் வாசற்படியே இல்லாத அந்த அறைக்குள் யார் கையையும் பிடிக்காமல் நடந்து போய், நடு வரிசையில் உட்கார்ந்தாள். ஆபீசரம்மா அப்போது வராந்தாவில் நின்று வேறு யாருக்கோ போன் போட்டு, "இல்லம்மா, லோன் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா கும்பிட்டார். அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு தலையை அசைத்தார்.

சாயங்காலம் மகள் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள். சயின்ஸ் டீச்சர் வேகமாகப் போகிறாராம். பக்கத்தில் உட்காருகிறவள் ரப்பரைத் திருப்பித் தரவே மாட்டாளாம். தண்ணீர்க் குழாயில் ஒரே கூட்டமாம். திங்கட்கிழமை டெஸ்ட்டாம், இத்தனை பாடம் விட்டுப்போனவளுக்கு அதற்குள் டெஸ்ட் வைத்தால் என்ன நியாயம் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா ஒரு தட்டில் பலகாரத்தை வைத்துவிட்டு, மெஷினில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். புகார் சொல்லி முடிப்பதற்குள் தட்டில் இருந்ததை எல்லாம் தின்றுவிட்டு, மகள் புத்தகத்தை விரித்தாள்.

"அம்மா, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தேன். ஒண்ணும் மண்டையில ஏறல."

தையல்காரம்மா நிறுத்தினார்.

பாதித் தெருவுக்கு அது வித்தியாசமாகப் பட்டது. எதிர் வீட்டு அக்கா வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, கரண்ட் போச்சா? எங்க வீட்டுல இருக்கே."

"இல்லக்கா." தையல்காரம்மா வாசலுக்கே வந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "பொண்ணு படிக்கறா."

"அம்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, "மெதுவாப் பேசு."