புத்தகக் கால்

டம்ளர் ஐயாவின் மடியில் தண்ணீர் கொட்டியபோது டிரைவரம்மா பணிமனை வாசலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

நகரப் பேருந்துக்கு ஓட்டுநர் எடுக்கிற தேர்வு அது. தேர்வு நடத்துகிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, பணிமனையில் எல்லாருக்கும் அவர் டம்ளர் ஐயாதான். கண்ணாடி டம்ளரில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் ஊற்றித் தன் இருக்கைக்கு முன்னால் உள்ள பலகையில் வைப்பார். அடியில் ஒரு வெள்ளைத்தாள். சுற்றி வந்து நிறுத்தும்போது தாள் நனைந்திருந்தால் வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். நனையாமல் இருந்தால் வாயைத் திறந்து பாராட்ட மாட்டார், அந்தத் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடிப்பார். அவர் குடித்துவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"பிடிச்சுக்க ஒரு கம்பி கிடைக்காம நடுவுல நிக்கிறாரே ஒரு பயணி, அவருதாம்மா இந்தத் தண்ணி," என்றார் அன்றைக்கு, ஈரக் கால்சட்டையை உதறிக்கொண்டே. "அவரை நீங்க என் மடியில தள்ளிட்டீங்க. இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. அதுலயும் கொட்டுச்சுன்னா இந்தப் பக்கமே வர முடியாது, விதி அப்படி."

டிரைவரம்மாவுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பின்னே? வருஷக்கணக்காக அவள் ஓட்டியது நடமாடும் நூலகம். பேருந்து அளவு வண்டி, இரண்டு பக்கமும் கூரை வரை அலமாரி, அலமாரி பிதுங்கப் புத்தகம். இத்தனை நாளில் ஒரு புத்தகம், ஒரே ஒரு புத்தகம், அவள் ஓட்டி அலமாரியிலிருந்து விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்டவளைப் பார்த்துக் குலுக்கி ஓட்டுகிறாள் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நூலகத்தை விட்டுவிட்டு நகரப் பேருந்துக்கு ஏன் ஆசைப்பட வேண்டும் என்று கேட்கலாம். காரணம் அவள் வாய். பேச்சென்றால் அவளுக்கு உயிர். ஆனால் அந்த வண்டியின் நூலகர் அவள் புருஷன். 'அமைதி காக்கவும்' என்று அவள் இருக்கைக்கு நேர் பின்னால் பலகை மாட்டியவரும் அவரே. நல்ல மனுஷர், பாசக்காரர், குறை சொல்ல முடியாது. அவள் யாரிடமாவது "என்னக்கா, போன வாரம் ஆளையே காணோம்" என்று ஆரம்பித்தால் போதும், பின்னாலிருந்து ஒரு செருமல் வரும். வாய் துருப்பிடித்துப் போகிறது என்று அவள் சொல்லாத நாளில்லை. ஆட்கள் ஏற வேண்டும், இறங்க வேண்டும், வளவளவென்று பேச வேண்டும், அதற்கு நடுவில் அவள் வண்டி ஓட்ட வேண்டும். இதுதான் அவள் ஆசை, பெரிய பேராசை ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். "என் கால்லதான் ஏதோ கோளாறு. எப்பவும் மிதிக்கிற மாதிரிதான் மிதிச்சேன். அந்த வண்டி பேய் மாதிரி பாயுது."

அவளுடைய நாத்தனார் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள், அதே வீட்டில்தான் இருக்கிறாள். விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடினாள். "தேர்வு வண்டியில யாரெல்லாம் இருந்தாங்க அண்ணி?"

"நானும் டம்ளரும்தான். வேற யாரு?"

நாத்தனார் எழுந்துபோய், அண்ணனுடைய மேசையடியில் கிடந்த, சக்கரம் வைத்த எழுத்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அவளே அதில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆள் ஒல்லிக்குச்சி. "தள்ளுங்க அண்ணி. நல்லா ஒரு தள்ளு."

டிரைவரம்மாவும் இருந்த கோபத்தில் தள்ளினாள். நாற்காலி சர்ரென்று போய்க் குளிர்சாதனப் பெட்டியில் மோதி நின்றது.

"அண்ணா, இப்ப நீ வந்து உக்காரு."

நூலகர் தட்டோடு வந்து உட்கார்ந்தார். அவருடைய உடம்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, நாற்காலி முனகியது, அவ்வளவுதான்.

"அதே தள்ளு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

தள்ளினாள். நாற்காலி ஒரு சாண் நகர்ந்து, போதும் என்று நின்றுவிட்டது. நூலகர் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, "என்ன நடக்குது இங்க?" என்றார்.

"உங்க கையில ஒரு தப்பும் இல்ல அண்ணி, கால்லயும் இல்ல," என்றாள் நாத்தனார். "நீங்க கொடுக்குற விசை ஒண்ணுதான். ஆனா தள்ளப்படுற ஆளோட நிறை மாறுது. நிறை கம்மியா இருந்தா அதே விசைக்கு வேகம் சட்டுனு ஏறும், அதைத்தான் முடுக்கம்னு சொல்றோம். நிறை கூடினா மெதுவா ஏறும். நிறையையும் முடுக்கத்தையும் பெருக்குங்க, விசை வந்துடும். பிரேக்குக்கும் இதே கணக்குதான். இத்தனை வருஷமா நீங்க புத்தகத்தைத் தள்ளியே பழகியிருக்கீங்க. அது புத்தகக் கால். காலி வண்டிக்கு அது ஆகாது."

டிரைவரம்மா கண்ணைத் துடைத்தாள். குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "அப்ப நான் காலி வண்டி ஓட்டிப் பழகணும்."

காலி வண்டிக்கு எங்கே போவது? அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாகத் திரும்பி நூலகரைப் பார்த்தார்கள்.

"முடியாது," என்றார் அவர். "அத்தனையும் வரிசைப்படி அடுக்கினது. முடியவே முடியாது." தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நூலகத்துக்கு விடுமுறை. டிரைவரம்மா எழுந்து வாசலுக்கு வந்தபோது, மனுஷர் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, மார்போடு அணைத்த புத்தகக் கட்டோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். "சும்மா நிக்காத, அகராதியெல்லாம் கீழ்த்தட்டுல இருக்கு, எடு," என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். அவளை அனுப்பி வைக்க அவருக்கு மனசில்லை என்று அவளுக்குத் தெரியும். அனுப்பத்தான் அத்தனை புத்தகத்தையும் இறக்குகிறார் என்பதும் தெரியும். அகராதிகளைத் தூக்கினாள்.

மதியத்துக்குள் வீடு வீடாக இல்லை. கட்டில் மேல் வரலாறு, சோபாவில் சமையல் குறிப்பு, குளியலறை வாசல் வரைக்கும் துப்பறியும் கதைகள். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் கலைக்களஞ்சியத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். வெறும் வண்டியை மைதானத்துக்குக் கொண்டுபோய், டம்ளரில் தண்ணீர் வைத்து, நாத்தனாரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினாள். முதலில் நாத்தனார் குளித்தே விட்டாள். போகப்போக, முட்டையை மிதிக்கிற மாதிரி மிதிக்கக் கால் கற்றுக்கொண்டது. வெயில் தாழ்ந்தபோது டம்ளரில் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது.

தேர்வு நாளன்று முட்டைக் காலோடு ஜம்மென்று போய் இறங்கினாள். சொல்லி வைத்த மாதிரி மழை பிடித்துக்கொண்டது. தேர்வுக்கு வந்த கூட்டம் ஒதுங்க இடமில்லாமல் முற்றத்தில் நனைந்தது. டம்ளர் ஐயாவுக்கு இரக்க குணம் உண்டு. "எல்லாரும் இந்த வண்டியிலயே ஏறுங்க. சாலைக் கோடியில நம்ம உணவகம் இருக்கு, அங்க இறங்கிக்கலாம்," என்றார். அவ்வளவுதான். உட்கார இடமில்லை, நிற்க இடமில்லை, படி வரை ஆள்.

டிரைவரம்மா முட்டையை மிதித்தாள். வண்டி உறுமியது, நகர மறுத்தது.

"கிளம்பிட்டோமா, இல்ல இன்னும் நிக்கிறோமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வண்டி முழுக்கச் சிரிப்பு. டம்ளர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தனை பாடுபட்டுப் பழகிய கால் இப்போது உதவாக்கால். இருந்த ஒரு வாய்ப்பும் போச்சு என்று நினைத்தவளுக்கு, தட்டும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷன் ஞாபகம் வந்தது. ஒரு சாண் நகர்ந்து நின்ற நாற்காலி. சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் டம்ளர் ஐயா.

"ஒண்ணுமில்ல ஐயா. வண்டியில என் வீட்டுக்காரர் ஏறி உக்காந்திருக்காரு."

அவருக்கு எப்படிப் புரியும்? அவள் புத்தகக் காலை எடுத்து வைத்தாள். வண்டி மெல்ல அசைந்து, தயங்கி, வழவழவென்று வேகம் பிடித்தது. வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கில் கால் போனது. தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி அமர்ந்தது. உணவகத்தில் கூட்டம் மொத்தமும் இறங்கியது. கடைசி ஆள் இறங்கியதும் அவள் காலை எடுத்து, மறுபடி முட்டைக் காலாக வைத்தாள். திரும்பும் வழியில் சிக்னல் சட்டென்று சிவப்பானது. ஈரச் சாலை, காலி வண்டி. பிரேக்கைத் தொட்டாள், தொட்டாள், இன்னும் கொஞ்சம் தொட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கமே வண்டி நின்றது.

பணிமனையில் டம்ளர் ஐயா டம்ளரைத் தூக்கி, தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "இன்னைக்கு நீங்க ரெண்டு வண்டி ஓட்டினீங்க," என்று சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்தார்.

நூலகத்துக்கு வேறு ஓட்டுநர் வந்தார். அவர் பேசவே மாட்டார். நூலகருக்கு அது பிடித்திருக்க வேண்டும், ஆனால் 'அமைதி காக்கவும்' பலகையை அவர் கழற்றி வைத்துவிட்டதாக நாத்தனார் வந்து சொன்னாள். காலையில் வேலைக்குப் போக நூலகர் டிரைவரம்மாவின் பேருந்தில்தான் ஏறுவார். அவளுக்கு நேர் பின்னால் உட்காருவார். அவள் ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்ப்பாள், ஒரு செருமல் வராது. தன் நிறுத்தம் வந்ததும், "வரேன்," என்று இறங்கிப் போவார்.

"அவர் இறங்கினதும் கால் தானா மாறுது," என்றாள் ஒருநாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் அதைக் கணக்குப் போட்டே பார்த்தாள். "அண்ணன் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரு ஆள்தானே அண்ணி. அவ்வளவு பெரிய பஸ்ஸுக்கு அது தெரியவே தெரியாது."

"பஸ்ஸுக்குத் தெரியாது," என்றாள் டிரைவரம்மா. "எனக்குத் தெரியும்."